ரோசியக்கா மணிக்கட்டில் கட்டிய பூ

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மறுநாள் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் என் மகள் பூரணியை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள், கேட்டாள், போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். செய்யூரிலிருந்து ரோசியக்காவின் தம்பி. "அக்கா நம்மள வுட்டுப் பூட்ச்சிம்மா," என்றார். காலையில் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார், மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார், குழம்பில் புளி தூக்கல் என்று தம்பி மனைவியிடம் ஒரு குறையும் சொல்லியிருக்கிறார். "கொஞ்சம் தலைய சாய்க்கிறேன்" என்று பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வியாழக்கிழமைதான் வருவேன், முள்ளங்கி சாம்பார் வை என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போன மனுஷி அவர்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் முடியைக் கொடுத்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டும் சேர்ந்தவர்களும் நிறைய இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பொத்தேரியில் அவர் வார்டனாக இருந்த பெண்கள் விடுதியில் மெஸ் நடத்துகிறவள் நான். பெயர் வளர்மதி. ஆனால் ரோசியக்கா ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்தவள் என்பதால் 'மதுரை' என்றே கூப்பிடுவார். "இன்னா மதுர, சட்னில ஒறப்பே இல்ல, உங்க ஊர்ல மொளகா வெளயறது இல்லியா?" என்று காலையில் அவர் குரல் கேட்டால்தான் எனக்கு அடுப்பே எரியும். பழைய மாணவிகள் போடுகிற மலருக்கு அக்காவைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். அவரை ரொம்பப் புனிதமாக்கி எழுத எனக்கு வராது. அவருக்கும் அது பிடிக்காது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரோசியக்காவின் அப்பாவும் அம்மாவும் செய்யூர்ப் பக்கம் கடலைக்காட்டிலும் சவுக்குத் தோப்பிலும் கூலிக்குப் போனவர்கள். அக்கா படித்து, ஒரு விடுதியில் உதவியாளராகச் சேர்ந்து, வார்டன் நாற்காலிக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்ட மாணவி ஒருத்தியிடம், "இத்தினி பேர மேய்க்கிறேன், கூட ஒரு ஆம்பளய வேற மேய்க்கணுமா?" என்றார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை. அத்தனை பெண்கள் தலைக்குக் குளித்தால் முடி போய் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? நுனி வளைத்த கம்பி ஒன்று வைத்திருப்பார். ஞாயிறு தவறாமல் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, அதால் முடியைச் சுருள் சுருளாக இழுத்து வெளியே போடுவார். "யாரு தலைம்மா இது? வந்து எட்துகினு போ! அப்பா அம்மா டப்பு கட்டிப் படிக்க அனுப்பினா, நீங்க முடிய கொட்றதுக்கு வந்துகினு கீறீங்களா?" என்று அவர் போடுகிற சத்தம் மூன்றாவது மாடிவரை போகும். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

என் பூரணி ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஒருநாள் தலை வாரிவிடுகையில் காசு அளவுக்கு ஒரு இடம் வழவழவென்று என் கையில் பட்டது. புழுவெட்டு என்றார்கள். ராத்திரி புழு வந்து முடியைத் தின்கிறது, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய் என்றார்கள். தேய்த்தேன். பிள்ளைக்கு எரிச்சலில் கண்ணீர் வந்ததுதான் மிச்சம். செங்கல்பட்டில் தோல் மருத்துவர், புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உடம்பே தன் முடியை வேற்றுப் பொருள் என்று நினைத்துக்கொண்டு தள்ளுகிறது, திரும்ப முளைக்கலாம், நாளாகலாம் என்றார். மருந்து போட்டோம். ஆனாலும் ஒவ்வொரு காலையும் தலையணையிலிருந்து என் பிள்ளையின் முடியை நான் பொறுக்கினேன். அவள் எழுந்து பார்ப்பதற்குள் பொறுக்கிவிட வேண்டுமென்று அவளுக்கு முன்னால் எழுந்துகொள்வேன். கடைசியில் பொறுக்க ஒன்றும் இல்லாமல் போனது. பூரணி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஸ் சமையலறைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள்.

வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ரோசியக்கா டீ வாங்க வந்தவர், மூட்டைப் பக்கம் எட்டிப் பார்த்து, சாதாரணமாக, "துண்ட எடும்மே, பாக்கறேன்," என்றார். எனக்குத் திக்கென்றது. பூரணி என்ன நினைத்தாளோ, எடுத்தாள். அக்கா டீயை உறிஞ்சிக்கொண்டே முன்னும் பின்னும் பார்த்தார். "தலை ஷோக்கா கீது. எனக்கு சின்ன வயசுல வேளாங்கண்ணில மொட்ட போட்டாங்க. எங்க நைனா என்னக் காணும்னு கோயிலச் சுத்தித் தேடிகினு கீறாரு, நான் பக்கத்துலயே நிக்கறேன்! அம்மாம் கோணத் தலை எனக்கு. உன்னுது எலுமிச்சங்கா மேரி கீது, எந்த ஊர்ல போய் நின்னாலும் கண்டுபுடிச்சிடலாம்." பூரணி சிரித்துவிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு, தானமாக வந்த முடியில் விக் செய்து இலவசமாகக் கொடுக்கும் அமைப்பு ஒன்று சென்னையில் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். போன் செய்தேன். அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒருத்தி முடியில் ஒரு விக் ஆகாது, பல பேர் முடி சேர வேண்டும், முடி வருவது குறைவு, காத்திருக்கிற குழந்தைகள் அதிகம் என்றார்கள். இதை ரோசியக்காவிடம் சொன்னேன். அவர் மாடியைப் பார்த்தார். விடுமுறை நாள், வரிசையாகப் பெண்கள் தலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். "இத்தினி தலைய வெச்சிகினு முடி இல்லியா? நான் வாரம் ஒரு கூட முடிய அள்ளிக் குப்பைல போட்டுகினு கீறேன் மதுர!" என்றார். சாக்கடையில் அள்ளுகிற முடி ஆகாது அக்கா, அடியும் நுனியும் கலக்காமல் கட்டி வெட்டினால்தான் ஆகும் என்று நான் சொன்னேன். "அப்ப கட்டி வெட்டுவோம்," என்றார். ஆரம்பித்தது அப்படித்தான். கூட்டம் போடவில்லை, ரிப்பன் வெட்டவில்லை.

விடுதியில் கேட்டபோது சில பெண்கள் உடனே சரியென்றார்கள். சிலருக்கு வீட்டில் பயம். தையில் கல்யாணம், இப்போது முடியை வெட்டினால் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஒருத்தி அழுதேவிட்டாள். அக்கா அவளை வற்புறுத்தவில்லை. சாயமோ மருதாணியோ போட்ட முடி ஆகாது என்பதால் அப்படிப்பட்டவர்கள் தாமாகவே கழிந்தார்கள். நான்தான் பொறுமை இழந்து, இந்தக் காலத்துப் பெண்களுக்கு மனசே இல்லை என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு பேசினேன். அக்கா என்னைப் பிடித்து ஒரு திட்டு திட்டினார். "அது அவ முடி மதுர. ஆசையா குடுத்தா வாங்கு. மூஞ்சத் தூக்கிகினு குடுத்தா வேணாம். அந்த முடி கொழந்த தலைல போய் குந்தாது," என்றார். அவர் சொன்னதிலேயே அதிகமாக நான் நினைத்துப் பார்ப்பது இதுதான்.

முடி போதவில்லை. அக்கா கடப்பாக்கத்துக்குப் போனார். அங்கே அஞ்சலை என்று அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர், மீன் விற்கிறவர். கடற்கரையில் நின்று பேசினால் அஞ்சலை பேச்சு அலையைத் தாண்டிக் கேட்கும். முடி என்றால் அப்படி ஒரு முடி, இடுப்புக்குக் கீழே. 'தலைமுடி இல்லாத கொழந்தைங்களுக்கு சவுரி செய்யணும்' என்று அக்கா சொன்னதும், அஞ்சலை தெருப் பெண்களையெல்லாம் கிளப்பிவிட்டார். மே மாதம் விடுதி காலியாக இருக்கும், பொத்தேரியில் பார்லர் வைத்திருக்கிற பெண் வந்து வெட்டித் தருவாள், ஒரு வேன் பிடித்து வந்துவிடுங்கள், சுத்தமாக வாருங்கள் என்று அக்கா சொல்லிவைத்தார்.

அந்தச் 'சுத்தமா'வில்தான் வினை. வேன் வந்து நின்று கதவு திறந்ததும், தேங்காய் எண்ணெய் வாசனை என் சமையலறைவரை வந்தது. ஒவ்வொருத்தியும் இறங்குகிறாள், நெற்றியில் எண்ணெய் வழிகிறது. பின்னல் கருநாகம் போல மினுமினுக்கிறது. அதில் மல்லிகை, கனகாம்பரம், ஒருத்தி தாழம்பூ வேறு வைத்திருந்தாள். நல்ல புடவை, மஞ்சள், குங்குமம். ரோசியக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப் பாவிங்களா! சுத்தமா வாங்கன்னு தான சொன்னேன்? எண்ண பட்டா அவங்க எட்துக்கவே மாட்டாங்களே!"

அஞ்சலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "சுத்தமா வராம பின்ன எப்டி வந்துகீறோம்? ஒரு கொழந்த தலைக்குப் போற முடி. காஞ்சிப் போன தலையவா குடுப்பாங்க? பொண்ண கட்டிக் குடுக்கறப்ப எண்ண தடவாம, பூ வெக்காம அனுப்புவியா நீ? ஒன்னும் தெரியாம வார்டன் வேல பாக்கற!"

அக்கா அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் எழுந்து புடவையைச் சொருகிக்கொண்டார். "மதுர, அண்டாவுல தண்ணி காய வை," என்றார். சீயக்காயைக் காலையில் வடித்த கஞ்சியில் கரைத்தேன். பூவையெல்லாம் கழற்றி ஒரு கூடையில் போட்டுவைத்து, ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துத் தேய்த்தோம். எண்ணெய் லேசில் விடவில்லை. இரண்டாம் தடவை தேய்த்தோம். நடுவில் அந்த ஓட்டை அடைத்துக்கொண்டது! கணுக்கால்வரை நுரைத் தண்ணீர். அக்கா கம்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். "இன்னிக்கின்னு பாத்து யாரையும் ஏச முடியலியே, ரொம்ப பேஜாரா கீது," என்றார். "பரவால்ல, ஏசு," என்றார் அஞ்சலை, தலையில் நுரையோடு.

மொட்டைமாடி வெயிலில் தலையை விரித்துப்போட்டு, என் எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு உலர்த்தினார்கள். முடியில் இம்மியும் ஈரம் இருக்கக் கூடாது. உலர்ந்ததும் மேலேயும் கீழேயும் ரப்பர் பேண்டு போட்டு, பார்லர்ப் பெண் மேல் கட்டுக்கு மேலே வெட்டினாள். வெட்டிய பின்னலை அக்கா கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "கீழ வுடாத, கீழ வுடாத," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அஞ்சலை கழுத்தைத் தடவிப் பார்த்து, "சில்லுனு கீது," என்றார். அப்புறம் கூடையிலிருந்து தன் பூவை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வைக்கத் தலையில் இடம் இல்லை. அவர் அப்படி நின்றது எனக்குச் சங்கடமாகிவிட்டது. சரியான காரியம்தான் செய்கிறோமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ரோசியக்கா அந்தச் சரத்தை வாங்கினார். அஞ்சலையின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். "தலைல வெச்சா ஊரு மோந்து பாக்கும். கைல கட்னா நீயே மோந்து பாக்கலாம்," என்றார். அஞ்சலை மோந்து பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்த்த மற்றவர்களும் வரிசையாகக் கையை நீட்டினார்கள். அதற்குப் பிறகு எப்போது, எங்கே முடி வெட்டினாலும் அக்கா ஒரு பந்து மல்லிகை வாங்கிவைப்பார். உங்கள் மணிக்கட்டிலும் கட்டியிருப்பார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, அது கடப்பாக்கத்து எண்ணெயிலிருந்து வந்தது.

சேர்ந்த முடியைச் சென்னை அமைப்புக்கு அனுப்பிவைத்தோம். பூரணிக்கு அங்கிருந்து விக் வந்தது. கன்னத்தில் விழுகிற மாதிரி, அழகாக இருந்தது. நான் மாட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தி, பள்ளிக்கூடப் பையைக்கூட எடுத்துவைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, "இது செத்தவங்க முடிதான? எங்க பாட்டி சொன்னாங்க," என்று கேட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான். பூரணி அலறிக்கொண்டு கழற்றி எறிந்தாள். தொட மாட்டேன் என்றாள். நானும் அவள் அப்பாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். வெங்காய மூட்டைக்கே திரும்பிப் போய்விட்டாள். இந்தப் பிள்ளை இனி வெளியே வரவே வராதோ என்று நான் மனசு விட்டுப்போனது அன்றைக்குத்தான்.

ரோசியக்கா அவளுக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "நாளிக்கி கடப்பாக்கம் போலாம், வரியா? நல்ல எறா வந்துகீதாம்," என்றார். பூரணி தலையில் துண்டோடு எங்களோடு வந்தாள். விக் அக்காவின் பையில் இருந்தது. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் ஓரம், வலை காய்கிற இடத்தில் அஞ்சலையும் மற்ற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா விக்கை எடுத்து நடுவில் நீட்டினார். "இந்தப் பொண்ணு இத்த செத்தவங்க முடின்னுது. இன்னாடி, அல்லாரும் செத்துட்டீங்களா?"

அஞ்சலை அதைப் பிடுங்கி மோந்து பார்த்தார். "யாரு சொன்னது? இது என் முடி. பாரு, எப்டி தடியா கீது!" இன்னொருத்தி எட்டிப் பிடித்தாள். "ஒன்னுதா? இந்த சுருட்ட யாருக்குக் கீது இந்த ஊர்ல? என்னுது!" "நுனி சிவப்பா கீதே, அது உப்புத் தண்ணி பட்டது, என்னுதுதான்!" ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். உண்மையைச் சொன்னால், அதில் யார் முடி இருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எங்கெங்கிருந்தோ வந்த முடியும் கலந்துதான் விக் ஆகிறது. ஆனால் அந்தச் சண்டை நிஜச் சண்டை. ஒருத்தி மற்றவளை, 'உன் முடி கொட்டி நாலு வருசமாச்சி' என்று சொல்லிவிட, அது வேறு பக்கம் திரும்பியது. அக்கா பூரணி பக்கம் குனிந்தார். "பாத்துக்க. செத்தவங்க இப்டியா சண்ட போடுவாங்க?"

பூரணி விழுந்து விழுந்து சிரித்தாள். அஞ்சலை கையாலேயே அதை மாட்டிக்கொண்டாள். கடற்கரைக் காற்று பலமாக அடித்தது. முதலில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஓடிப் பாரு," என்றார் அக்கா. "இந்தக் காத்துல நின்னுட்ச்சின்னா, உங்க பள்ளிக்கூடத்து ஃபேனு இன்னா பண்ணும்?" கோட்டைச் சுவர்வரை ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு கையை விட்டாள். அப்புறம் மற்றதையும் விட்டாள். நான் வலை மேட்டில் உட்கார்ந்து, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க ஓவென்று அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை. இறால் விலையை விசாரித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பூரணி பள்ளிக்கூடம் போனாள்.

அதற்கப்புறம் சில ஆண்டுகளில், மருந்தோ காலமோ, பூரணிக்குச் சொந்த முடி முளைத்தது. முதலில் பூனை முடி, பிறகு நல்ல முடி. கல்லூரியில் சேரும்போது இடுப்பைத் தொட்டது. ஒருநாள் மெஸ்ஸில், அக்கா நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் போய் நின்றாள். "ரோசிம்மா, என் முடியும் குடுக்கறேன். எப்ப வெட்டலாம்?" என்றாள். அக்கா அவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலாக என்னையும் பார்த்தார். "வேணாம்," என்று சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டார்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. பூரணி கேட்பாள், அக்கா மறுப்பார். பரீட்சை முடியட்டும் என்பார். மழைக் காலம், உலராது என்பார். முடி மெலிசு என்பார். பூரணிக்கு ஆத்திரமாக வரும். "ஊர்ல எல்லார் முடியும் வாங்கறீங்க. என் முடிக்கு மட்டும் இன்னா கொறச்சல்?" என்று ஒரு தடவை கத்திவிட்டுப் போய், பல நாள் அக்காவோடு பேசவில்லை. அக்காவுக்கு வருத்தமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாரம் சட்னியைப் பற்றி அவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

அந்த 'வேணாம்' அவருடையது இல்லை. என்னுடையது. முதல்நாள் பூரணி கேட்டபோது, சோறு வடித்துக்கொண்டிருந்த நான் கஞ்சியை அடுப்பில் கொட்டியதை அவர் பார்த்துவிட்டார். வெட்டுவதற்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெரியும். தலையணையில் முடி பொறுக்கியவளுக்கு அது தெரிந்து என்ன பிரயோசனம்? வெட்டின பிறகு முளைக்காமலே போய்விட்டால்? அன்று மத்தியானம் அக்கா சமையலறைக்குள் வந்தார். "நீ வேணாம்னு சொன்னா அது உன்ன மொறைக்கும். ஒரே வூட்ல மொறச்சிகினு கெடந்தா நல்லாவா கீது? நான் சொல்லிக்கறேன். என்ன மொறைக்கட்டும். மொறைக்கிற பொண்ணுங்க எனக்குப் புதுசா?" என்றார்.

"எத்தனை நாளைக்குக்கா?" என்றேன்.

"உனுக்கு பயம் போற வரிக்கும்."

"போகலைன்னா?"

"போவலன்னா இன்னா? பொண்ணு தலைல முடி கீது. நல்லதுதான?" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போனார்.

செய்யூருக்கு நானும் பூரணியும் போனோம். அக்காவை வெள்ளைப் புடவையில், விரல்களில் செபமாலை சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். கடப்பாக்கத்திலிருந்து அஞ்சலையும் தெருப் பெண்களும் வந்தார்கள். அஞ்சலைக்கு முடி மறுபடியும் வளர்ந்து, மறுபடியும் கொடுத்து, இப்போது தோள்வரை நிற்கிறது. மடியிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து அக்காவின் மணிக்கட்டில் கட்டினார். அக்காவின் தம்பி, "தலைல வெச்சிடேம்மா," என்றார். "உனுக்கு ஒன்னும் தெரியாது," என்றார் அஞ்சலை. "கைல கட்னாத்தான் அது மோந்து பாக்கும்." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது செங்கல்பட்டு பஸ்ஸில் இடம் கிடைத்தது. பூரணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மதுராந்தகம் தாண்டியதும் தன் பின்னலை முன்னால் இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டே, "இனிமே யார்கிட்டம்மா கேக்கறது?" என்றாள்.

"என்கிட்ட கேளு," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி கொட்டியது, அக்கா சமையலறைக்கு வந்தது, சொன்னது. பூரணி வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் எவ்ளோ கத்திகீறேன் அவங்கள," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "வெட்டிக்கவாம்மா?"

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது அப்படியேதான் இருந்தது. அதோடேயே சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீயக்காயைக் கஞ்சியில் கரைத்தேன். எண்ணெய் கிட்டவே போகவில்லை. மொட்டைமாடியில் உலர்த்தி, இரண்டு பக்கமும் கட்டி, அதே பார்லர்ப் பெண் வெட்டினாள். இப்போது அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னலை நான் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், கீழே விடவில்லை. கனமாக இருந்தது. ஒருகாலத்தில் தலையணையில் பொறுக்கிப் பொறுக்கிக் காகிதத்தில் சுருட்டி ஒளித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. எந்த ஊரிலோ ஒரு தாய் இப்போது அப்படிப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் போகட்டும் என்று நினைத்துப் பையில் போட்டு ஒட்டினேன்.

அக்காவின் கொக்கிக் கம்பியைப் புது வார்டனிடம் கேட்டு வாங்கி வந்து சமையலறையில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது இல்லை. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லாத ஒரு வார்த்தையை எனக்காகத் தன் வாயால் சொல்லி, என் பிள்ளையின் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டாரே, அந்த 'வேணாம்'தான். அது என்னிடம் பத்திரமாக இருக்கும்.

வாங்கிவைத்திருந்த மல்லிகையைப் பூரணியின் மணிக்கட்டில் கட்டினேன். முடிச்சு அக்கா போடுகிற மாதிரி வரவில்லை, இரண்டு தடவை அவிழ்ந்தது. அவள் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள்.

"லேசா கீதும்மா," என்றாள்.

எனக்கும்தான்.